பிளாக்ஜாக் மேசை தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

தீபாவளி இரவு விருந்து முடிந்ததும் பாய் விரித்துப் பான்லக் ஆடுவது எங்கள் கோலாலம்பூர் செந்தூல் வீட்டு வழக்கம். பிளாக்ஜாக் போலவே 21-ஐத் தாண்டாமல் அதற்கு நெருக்கமாகச் சீட்டு சேர்க்கும் ஆட்டம் அது. போன வருடம் சீட்டைக் கலைத்துக்கொண்டே மச்சான் கேட்டான்: "அடுத்த வாரம் கெந்திங் கேசினோவுக்குப் போறேன் மச்சான். அங்கேயும் இதே ஆட்டம்தானே, எந்த மேசையில உட்கார்ந்தா என்ன?"

அந்தக் கேள்வியிலேயே முதல் தவறு இருக்கிறது. வீட்டுப் பான்லக்கில் இரண்டு ஏஸ் வந்தால் மூன்று மடங்கு. ஐந்து சீட்டு எடுத்தும் 21-ஐத் தாண்டாவிட்டால் இரண்டு மடங்கு. கேசினோவின் வழக்கமான பிளாக்ஜாக்கில் ஏஸ் 1 அல்லது 11 என்று கணக்காவதால் இரண்டு ஏஸ் வெறும் 12தான். பிரித்து இரண்டு கையாக ஆடலாம், அவ்வளவே. ஐந்து சீட்டுக்கு அங்கே தனி மரியாதை கிடையாது.

அடுத்தது, பிளாக்ஜாக்குக்கு, அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும் வருவதற்கு, மேசை என்ன கொடுக்கிறது என்று பார்க்காமல் உட்காருவது. மேசைத் துணியிலேயே எழுதியிருப்பார்கள்: 3க்கு 2, அல்லது 6க்கு 5. ஆறும் ஐந்தும் பெரிய எண்களாக இருப்பதால் அதுதான் அதிகம் தருகிறது என்று நம்பி உட்காருபவர்கள் உண்டு. 50 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் முதல் மேசையில் 75 கிடைக்கும், இரண்டாவதில் 60தான். பிளாக்ஜாக் சராசரியாக 21 கைக்கு ஒருமுறை வரும். மணிக்கு 60 கை ஆடினால் ஏறக்குறைய மூன்று முறை. ஆக ஒரு மணி நேரத்தில் 45 வெள்ளி சத்தமில்லாமல் போய்விடுகிறது. நல்ல விதிகள் உள்ள மேசையில் சரியாக ஆடினால் கேசினோவின் சாதகம் அரை சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். இந்த ஒரு மாற்றம் அதோடு 1.4 சதவீதம் சேர்க்கிறது. ஒற்றைக் கட்டு ஆட்டம் நல்லது என்று கேள்விப்பட்டு ஓடுபவர்களும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எட்டுக் கட்டிலிருந்து ஒரு கட்டுக்கு வந்தால் கிடைக்கும் லாபம் அரை சதவீதத்தை ஒட்டித்தான். அந்த ஒற்றைக் கட்டு மேசை 6க்கு 5 கொடுத்தால், கிடைத்ததைவிட இழந்தது அதிகம்.

டீலர் ஏஸை 11 ஆக எண்ணி வரும் 17-இல் நிற்கிறாரா, இன்னொரு சீட்டு எடுக்கிறாரா என்பதையும் பாருங்கள். எடுத்தால் நமக்கு 0.2 சதவீதம் நஷ்டம்.

அப்புறம் பொன்டூன். அமெரிக்காவில் ஸ்பானிஷ் 21 என்று ஆடுவதைத்தான் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா பக்கம் சில கேசினோக்களில் இந்தப் பெயரில் போடுகிறார்கள். ஆடுபவரின் 21 எப்போதும் ஜெயிக்கும், ஐந்து சீட்டில் வரும் 21-க்குக் கூடுதல் பணம் என்று விதிகள் தாராளமாகத் தெரியும். "வாரிக் கொடுக்கிறாங்களே!" என்றான் மச்சான். நான் கட்டிலிருந்து நான்கு பத்துகளை மட்டும் எடுத்துப் பாயின் ஓரத்தில் வைத்தேன். ராஜா, ராணி, ஜாக்கி அப்படியே இருந்தார்கள். கட்டு 48 சீட்டாகக் குறைந்தது. பத்து மதிப்புள்ள சீட்டு 16-லிருந்து 12 ஆனது. இந்த நான்கு சீட்டு இல்லாததற்கே ஆடுபவர் ஏறக்குறைய 2 சதவீதம் இழக்கிறார். அந்தப் போனஸ் எல்லாம் சேர்ந்து இதைத்தான் ஈடு கட்டுகின்றன. நன்றாக ஆடினால் சாதகம் மறுபடி அரை சதவீதத்தைச் சுற்றி வந்துவிடும். மோசமான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அங்கே பிளாக்ஜாக் பழக்கத்தோடு ஆடினால் பணம் போகும். கையில் 12, டீலரிடம் 5. வழக்கமான ஆட்டத்தில் நிற்க வேண்டும். ஸ்பானிஷ் 21-இல் இன்னொரு சீட்டு கேட்க வேண்டும், ஏனென்றால் 12-ஐக் கெடுப்பது பத்து மதிப்புள்ள சீட்டுதான். முழுக்கட்டில் அது வரும் வாய்ப்பு 31 சதவீதம், இங்கே 25தான். எப்போது நிற்பது, எப்போது கேட்பது என்ற அடிப்படைக் கணக்கை 1956-லேயே நான்கு அமெரிக்க ராணுவ வீரர்கள் மேசைக் கால்குலேட்டர்களை வைத்துப் போட்டு வெளியிட்டுவிட்டார்கள். அது சாதாரண பிளாக்ஜாக்குக்கு உரியது. ஒவ்வொரு வகைக்கும் தனி அட்டவணை உண்டு, அதைப் படிக்காமல் புது மேசையில் உட்காரவே கூடாது.

மற்ற வகைகளிலும் இதே கதைதான். டீலரின் இரண்டு சீட்டையும் திறந்து காட்டும் ஆட்டத்தில் சமநிலை வந்தால் பெரும்பாலும் டீலருக்கே வெற்றி. இரண்டு கைகளுக்கு இடையே சீட்டு மாற்ற விடும் ஆட்டத்தில் டீலர் 22-இல் தோற்க மாட்டார், நம் பணம் அப்படியே திரும்பும். சலுகையைக் கண்டதும் எதைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

சதவீதத்தை மட்டும் பார்ப்பதும் தவறுதான். நல்ல மேசையில் குறைந்தது 100 வெள்ளி கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அரை சதவீதம், 60 கை: மணிக்குச் சராசரியாக 30 வெள்ளி நஷ்டம். 25 வெள்ளியில் ஆடும் 6க்கு 5 மேசையில், 1.9 சதவீதத்தில் 28 வெள்ளி 50 காசு. நஷ்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதல் மேசையில் கையிருப்பு நான்கு மடங்கு வேகத்தில் ஏறி இறங்கும். சம்பளப் பணத்தோடு போகிறவருக்கு அது ஆபத்து.

"இன்சூரன்ஸ் எடுத்தா பாதுகாப்பு இல்லையா?" என்று கடைசியாகக் கேட்டான். டீலர் ஏஸ் காட்டும்போது அவருக்குப் பிளாக்ஜாக் இருக்கும் என்று தனியாகக் கட்டும் பந்தயம்தான் இன்சூரன்ஸ். எட்டுக் கட்டில் டீலர் ஏஸ் காட்டினால் மிச்சம் 415 சீட்டு, அதில் பத்து மதிப்புள்ளவை 128. இன்சூரன்ஸ் இரண்டு மடங்கு தருவதால் நமக்குக் கட்டுப்படியாக 138-க்கு மேல் இருக்க வேண்டும். ஒவ்வொரு 100 வெள்ளி இன்சூரன்ஸுக்கும் ஏழரை வெள்ளி போகிறது. நம் கையில் பிளாக்ஜாக் இருக்கும்போது, "கட்டிய அளவே இப்போதே வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று டீலர் கேட்பதும் இதே இன்சூரன்ஸ்தான். அதற்கும் வேண்டாம் என்றே சொல்லச் சொன்னேன்.