பிக்கப்புக்கு கேம்பர் ஷெல்: நனையாததாக, பூட்டு நிற்பதாகப் பார்த்து வாங்குவது எப்படி

பிக்கப்பின் பின்னால் இருக்கும் திறந்த சரக்குத் தொட்டியை (பெட்) மேலே மூடுகிற கூடுதான் கேம்பர் ஷெல். எங்களிடம் இருப்பது 6 அடி பெட் உள்ள டொயோட்டா டகோமா பிக்கப். வாஷிங்டன் மாநிலத்தின் ஹோ மழைக்காட்டுப் பக்கம் ஷெல்லுக்குள் இரண்டு இரவு படுத்தோம். ஆண்டுக்குச் சுமார் 140 அங்குலம் மழை பெய்யும் இடம் அது. முதல் நாள் விடிகாலையில் எழுந்தால் ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாடு சொதசொதவென்று கிடந்தது. கூரையைத் தடவிப் பார்த்தேன், ஒரு பொட்டு ஈரம் இல்லை. தண்ணீர் வந்த வழி, பெட்டின் பின்பக்கம் கீழே சாய்ந்து திறக்கும் கதவான டெயில்கேட்டின் இடது மூலை.

அதற்குப் பிறகுதான் ஒன்று விளங்கியது. வாங்கும்போது எல்லோரும் ஷெல்லின் கூரையையும் பெயின்டையும் பார்க்கிறோம். ஒழுகுவதோ ஷெல்லும் வண்டியும் சந்திக்கிற இடத்தில். பூட்டு தோற்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

1. அளவு

ஷெல் வண்டியின் மாடலுக்கும் வருடத்துக்கும் பெட் நீளத்துக்கும் சேர்த்துச் செய்யப்படுவது. "டகோமா ஷெல்" என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். டெயில்கேட்டை மூடிவிட்டு, பெட்டின் முன்சுவரிலிருந்து டெயில்கேட் வரை மேல்விளிம்பில் டேப் வைத்து அளவெடுங்கள். அகலத்தை முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் எடுங்கள். பழைய ஷெல் வாங்கப் போகிறீர்கள் என்றால் அரை அங்குல வித்தியாசமே மழையை உள்ளே விடப் போதும்.

ஓட்டுநர் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அதில் போட்டிருப்பார்கள். ஃபைபர்கிளாஸ் ஷெல்லே 70 முதல் 90 கிலோ வரும். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கணக்குப் போடுங்கள்.

2. எந்தப் பொருள்?

முதல்முறை வாங்குபவர்களுக்கு நான் சொல்வது ஃபைபர்கிளாஸ், அதுவும் கேபின் கூரையின் உயரத்திலேயே இருப்பது. லியர், ஏ.ஆர்.ஈ., ஸ்னக்டாப் போன்ற நிறுவனங்கள் செய்வது இந்த வகை. கூரை ஒரே வார்ப்பாக இருப்பதால் ஒழுகுவதற்கு மூட்டு கிடையாது. அலுமினியம் எடை குறைவு, ஆனால் ரிவெட் அடித்த மூட்டுகள் நிறைய. ஸ்டீல் ஷெல் உடைத்துத் திறக்கக் கடினமானது. விலையும் அதிகம், பாகங்களை போல்ட் போட்டு இணைப்பதால் ஒவ்வொரு மூட்டிலும் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீல் சரியாக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். துணியால் ஆன ஷெல் (டாப்பர்) மழைக்குத் தாங்கும், கத்திக்குத் தாங்காது.

பக்கவாட்டில் ஜன்னல் குறைவாக இருந்தால் நல்லது. ஒவ்வொரு ஜன்னலும் இன்னொரு சீல், இன்னொரு தாழ்ப்பாள்.

3. பூட்டு

ஷெல்லைப் பெட்டோடு பிடித்திருக்கும் கிளாம்புகள் உள்பக்கம் இருக்கும். அதனால் டெயில்கேட்டுக்கு மேலே இருக்கும் ஷெல்லின் கண்ணாடிப் பின்கதவு திறந்தால் எல்லாம் திறந்த மாதிரி. கதவின் இரண்டு பக்கமும் தாழ் விழுகிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரே கைப்பிடி இருந்தால், அதிலிருந்து இரு பக்கமும் போகும் கம்பிகளை ஆட்டிப் பாருங்கள். ஒரு கம்பி தளர்ந்திருந்தால் அந்த மூலையில் கண்ணாடி இறுகாது. பூட்டும் பலவீனம், மழையும் வரும். சுற்றிலும் சட்டம் (ஃபிரேம்) இல்லாத முழுக் கண்ணாடிக் கதவு அழகாக இருக்கும், ஆனால் நான் சட்டம் போட்டதைத்தான் எடுப்பேன்.

டெயில்கேட்டுக்குத் தனிப் பூட்டு இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். டெயில்கேட்டைப் பாதி சாய்த்துத் தூக்கினால் கீல் கழன்று வந்துவிடும் வண்டிகள் பல உண்டு. அப்படிக் கழலும் பக்கத்துக் கீலில் ஒரு ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் சுற்றி இறுக்கிவிட்டால் அவ்வளவு சுலபத்தில் கழற்ற முடியாது. சில டாலர் செலவுதான்.

4. சீல்

நான் சறுக்கியது இங்கே. ஷெல்லோடு வந்த நுரை டேப்பை ஒட்டி, கிளாம்பை இறுக்கி, வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன். அந்த டேப் பெட்டின் பக்கச் சுவருக்கும் ஷெல்லுக்கும் நடுவில் மட்டும் இருக்கிறது. டெயில்கேட்டின் இரு ஓரத்திலும் அடியிலும் இருக்கும் இடைவெளி அப்படியே இருந்தது. வண்டியைத் தொழிற்சாலையில் செய்யும்போது அது திறந்த பெட், அங்கே தண்ணீரைத் தடுக்க யாருக்கும் அவசியம் இல்லை.

இதற்கென்றே டெயில்கேட் சீல் என்று, வெயில் மழைக்குத் தாங்கும் ஈ.பி.டி.எம். ரப்பரில் சுருளாக விற்கிறார்கள். ஒட்டும் இடத்தை முதலில் ஆல்கஹாலால் துடையுங்கள். அடிப்பக்கம் ஒரு துண்டு, பக்கங்களுக்கு ஒவ்வொன்று. மூலையில் ரப்பரை மடித்து வளைக்காமல், வெட்டிச் சேர்த்து, சேர்ந்த இடத்தில் ஒரு பொட்டு சிலிக்கான் வையுங்கள். நான் முதலில் வளைத்துத்தான் ஒட்டினேன். மடிப்பு எழும்பி நின்று, அடியில் பென்சில் நுழையும் அளவு ஓட்டை விழுந்தது.

அப்புறம் காகிதச் சோதனை. நீளமாக வெட்டிய காகிதத்தைச் சீலுக்கு நடுவில் வைத்து டெயில்கேட்டை மூடி இழுங்கள். சிரமப்பட்டு இழுத்தால்தான் வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. ஒரு சாண் தள்ளித் தள்ளிச் சுற்றிலும் செய்யுங்கள்.

கிளாம்பை அளவோடு இறுக்குங்கள், மிஞ்சினால் ஃபைபர்கிளாஸ் விரிசல் விடும். ஒரு வாரம் ஓட்டியபின் நுரை அமுங்கியிருக்கும், திரும்ப ஒருமுறை சரிபாருங்கள்.

5. தண்ணீர் சோதனை

ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும். கீழிருந்து மேலே போங்கள். எடுத்தவுடன் கூரையில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. டெயில்கேட் அடி, மூலைகள், பக்கம், முன்சுவர் என்று ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். வண்டியின் மூக்கு சரிவில் கீழே இருக்கும்படி நிறுத்தி ஒருமுறை, மேலே இருக்கும்படி ஒருமுறை. முன்சுவரின் மூலை ஒழுகுவது எங்களுக்கு மூக்கு கீழே இருந்தபோதுதான் தெரிந்தது.

சேர்த்தது: பழைய ஷெல் வாங்கிய இரண்டு பேர் பிரேக் விளக்கு பற்றிக் கேட்டிருந்தார்கள். அமெரிக்காவில் 1994 மாடல் முதல் பிக்கப்புகளுக்கு மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயம். கேபினுக்குப் பின்னால் இருக்கும் அதை ஷெல் மறைத்துவிடுவதால், ஷெல்லின் விளக்குக்கு ஒயர் கொடுத்தாக வேண்டும். ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டு சிலிக்கான் பூசுங்கள், ஹோஸ் சோதனையில் அந்த இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவருக்கு எல்லாம் அடைத்த பிறகும் காலையில் கூரை ஈரம். அது ஒழுகல் இல்லை, மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிவது. எதிரெதிர் ஜன்னல்களை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். குளிருகிறதே என்று உள்ளே ஸ்டவ் பற்றவைக்கவோ, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவோ வேண்டாம். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வாசனை இல்லாமல் வரும். அது வந்தால் எச்சரிக்கும், பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் மாட்டிய பிறகே நாங்கள் படுக்கிறோம்.