பழைய பத்திரத்தை வைத்துக் கொள்ளுத்தாத்தாவின் கதையைத் தேடுவது எப்படி?

எங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி வீட்டில் மிஞ்சியது இரண்டே தடயம். “தாது வருஷப் பஞ்சத்துல பொறந்தவரு” என்று அப்பாயி சொன்னது ஒன்று. தகரப்பெட்டி அடியில் கிடந்த அடமானப் பத்திரம் இன்னொன்று. கடைசித் தாளைக் காணோம்.

1. படம் எடுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். லேமினேட் வேண்டவே வேண்டாம், அப்புறம் பிரிக்க முடியாது. திண்ணை வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், மொபைலே போதும். பின்பக்கத்தையும் எடுங்கள்.

2. குறிகளைப் படியுங்கள். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். எங்கள் பத்திரத்தில் ‘௹ ௱௫௰’ என்று இருந்தது. ௱ நூறு, ௫௰ ஐம்பது. ஆக 150 ரூபாய்.

3. வருஷத்தைக் கண்டுபிடியுங்கள். நான் சறுக்கியது இங்கேதான், அதுவும் இரண்டு தடவை.

தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்றால் 1876, 1936, 1996. நான் அவசரப்பட்டு 1936 என்று எழுதிவிட்டேன். என் தாத்தாவே அதற்கு முன் பிறந்தவர்! அப்பாயி சொன்ன ‘பஞ்சம்’ என்ற சொல்லைக் கவனித்திருக்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் 1876-78இல் வந்தது.

பத்திரத்தின் தேதி ‘பரிதாபி ௵ மாசி ௴’. பரிதாபி 1912, சரி. ஆனால் வருஷம் பிறப்பது சித்திரையில். தை, மாசி, பங்குனி எல்லாம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் (மார்கழிக் கடைசியும்தான்). ஆக இது 1913. இது புரியாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1912க்குத் தேடச் சொல்லி, கட்டணமும் கட்டி, ‘இல்லை’ என்ற பதிலோடு பஸ் ஏறினேன்.

பத்திரத்தில் ‘வயது சுமார் 36’ என்று இருந்தது. 1876உடன் பொருந்துகிறது. ஆனாலும் ‘சுமார்’ என்றால் நிஜமாகவே சுமார்தான், இரண்டு மூன்று வயது முன்பின் இருக்கும்.

4. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரத்தின் நகல் வாங்குங்கள். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதம் வரை பதியலாம் என்பதால் கார்த்திகை, மார்கழிப் பத்திரம் என்றால் அடுத்த ஆண்டையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர், தகப்பனார் பெயர் இரண்டும் கையில் இருக்கட்டும்.

5. இப்போது நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலானவர்கள் சர்வே எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கடன் எதற்கு என்று எழுதியிருக்கும் வரிதான் எனக்கு முக்கியம். எங்களுடையதில் ‘என் மகள் கலியாணச் செலவுக்காக’ என்று இருந்தது. அப்படி ஒரு மகள் இருந்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது. அடமானம் வைத்தது கிணற்றில் கால் பங்கு. நகலில் வந்த கடைசித் தாளில் ரேகை இல்லை, கையெழுத்து! ‘கைநாட்டுப் பேர்வழி’ என்றே கேட்டு வளர்ந்தவன் நான்.

அடமானப் பத்திரம் கடன் வாங்கியவர் வீட்டிலேயே இருந்தால் பெரும்பாலும் கடன் தீர்ந்து திரும்பி வந்தது என்று அர்த்தம். பின்பக்கம் பாருங்கள், வரவு எழுதியிருக்கும். எங்களுடையதில் நான்கு வரவு, நான்கும் வேறு வேறு மையில்.

குறிப்பெடுக்க வம்சாவளி ஆப் எல்லாம் எனக்குச் சரிவரவில்லை. கோடு போட்ட நோட்டும் பென்சிலும்தான். அழித்து எழுத வேண்டியது நிறைய வரும்.

பிற்சேர்க்கை: நாகர்கோவில் வாசகி ஒருவர், தன் பத்திரத்தில் வெறும் ‘1099’ என்று இருக்கிறதே என்று கேட்டிருந்தார். அது கொல்லம் ஆண்டு. ஆவணியில் தொடங்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி வரை 825. திருவிதாங்கூர்க்காரர்கள் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பது இந்த 1099தான். வெள்ளம் வந்தது 1924 ஜூலையில்.

இன்னொன்று: அந்த மகளின் பெயர் கிடைத்ததா என்று கேட்கிறீர்கள். இன்னும் இல்லை. நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.