பழைய நாணயப் புத்தகத்துக்கு விலை பேசும் முன்

கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் நாணயப் புத்தகம் கண்ணில் பட்டால் நான் அட்டையைப் பார்ப்பதில்லை, நேரே படத்தாள்களுக்குப் போவேன். மொத்தம் எத்தனை என்று முன்பக்கத்தில் போட்டிருக்கும். ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் கேட்பதில் பாதிதான் கொடுப்பேன்.

அப்புறம் அச்சு. மறுபதிப்புகள் பலவற்றில் படங்கள் கரி அப்பினாற்போல இருக்கும். நான் தேடுவது கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் காசுகளை. 'மாக்கோதை', 'கொல்லிப்பொறை' என்ற தமிழி (பழந்தமிழ் வரிவடிவ) எழுத்துகள் படத்தில் தெரியாவிட்டால் அந்தப் புத்தகம் எதற்கு? படம் தெளிவாக இருந்தால், முதுகு கிழிந்திருந்தாலும் பேரம் பேசாமல் வாங்கிவிடுவேன்.

விலைப் பட்டியல் நூல் வேறு சங்கதி. அதிலுள்ள விலைகள் சீக்கிரமே செத்துப்போகும். காசு எந்த ஆலையில் அடித்தது என்று காட்டும் குறிகளில், ஐதராபாத் ஆலைக்கு நட்சத்திரம் என்று சொல்லிவிட்டு நொய்டா ஆலையின் புள்ளியைச் சொல்லவில்லையா? நொய்டா ஆலை வந்ததே 1988இல்தான், அநேகமாக அதற்கு முந்தைய நூல். ஐம்பது ரூபாய் போதும்.

ஓரத்தில் பென்சில் குறிப்பு இருந்தால் ஒதுக்காதீர்கள். ஒருமுறை காசின் எடையும் கிடைத்த ஊரும் குறித்த பிரதி கிடைத்தது. நூலைவிட அந்தக் கையெழுத்துதான் எனக்கு உதவியது. பூச்சி அரித்தது மட்டும் ஆகவே ஆகாதுங்க, வீட்டு அலமாரிக்கும் பரவிவிடும்.