மார்கழிக் காலையில் கயாக் ஓட்ட பருத்திச் சட்டை வேண்டாம்

மார்கழி, தை மாதங்களில் பிச்சாவரத்திலோ புதுச்சேரி சுண்ணாம்பாற்றிலோ விடியற்காலையில் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) ஓட்டப் போகிறீர்களா? பருத்திச் சட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு, விளையாட்டு வீரர்கள் அணியும் பாலியஸ்டர் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மாற்றுச் சட்டை ஒன்றையும் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.

படகு கவிழாவிட்டாலும் நனைவது நிச்சயம். துடுப்பைத் தூக்கும்போதெல்லாம் தண்ணீர் அதன் தண்டு வழியாக முழங்கை வரை வழிந்து மடியில் சொட்டும். பருத்தி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதன்மேல் வாடைக்காற்று பட்டால் உடல் சூடு வேகமாக இறங்கிவிடும். பாலியஸ்டர் சீக்கிரம் காய்ந்துவிடும்.

காற்று பலமாக இருந்தால் மேலே மெல்லிய மழைக்கோட்டு போதும். ஆனால் அதை லைஃப் ஜாக்கெட்டுக்கு உள்ளேதான் அணிய வேண்டும். வெளியே அணிந்தால், தண்ணீரில் விழும்போது சிக்கிக்கொள்ளும், ஜாக்கெட்டைப் பிடித்து உங்களைத் தூக்கவும் முடியாது. பிள்ளைகளுடன் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

வெயில் ஏறிய பிறகு இதெல்லாம் தேவையில்லை. அப்போது பருத்தியே சுகம். பனி கொட்டும் நாடுகளின் ஆறு, ஏரிகளுக்கு இந்த ஏற்பாடு போதவே போதாது. குளிர்ந்த நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துவிடும் என்பதால், அங்கே வெட்சூட் போன்ற தனி உடை அவசியம்.