வெளிநாட்டுச் சிநேகிதிக்கு நம்மட திருகோணமலைச் சாப்பாடு: பிட்டு, மீன்குழம்பு, சொதி (முதல்தரம் சமைக்கிறவங்களுக்கு)

வெளிநாட்டில இருந்து ஒரு சிநேகிதி திருகோணமலைக்கு வாறா எண்டா நம்மட வீடுகள்ல உடனே என்ன நடக்கும், பாவம் அவவுக்கு உறைப்பு ஏலாது எண்டு சொல்லி ஃப்ரைட் ரைஸ், நூடில்ஸ், தூள் போடாத கோழி எண்டு ஒரு தனிச் சமையல் தொடங்கிடும். எனக்கு அது பிடிக்கிறதே இல்ல. உப்புவெளியிலயும் நிலாவெளியிலயும் இருக்கிற ஹோட்டல்கள்ல அந்தச் சாப்பாடு எப்பவும் கிடைக்கும், வீட்டுப் பிட்டும் புளி போட்ட மீன்குழம்பும்தான் அங்க கிடைக்காது. அதால நான் சொல்லுற முறை இதுதான்: குழம்பில தூளைக் குறைக்காதீங்க, பக்கத்தில சொதியும் (தேங்காய்ப்பால்ல வைக்கிற தண்ணிக் கறி) தயிரும் வையுங்க, ஆளையும் குசினிக்குள்ள கூப்பிட்டு வேலை குடுங்க. தன்ட கையால குழைச்ச பிட்டை ஆரும் மிச்சம் வைக்க மாட்டாங்க.

கீழ இருக்கிறது நாலு பேருக்கான அளவு, சமையல் தெரியாதவங்களும் செய்யலாம்.

முதல்ல கேக்க வேண்டியது

வாறதுக்கு முந்தின நாளே மெசேஜ் போட்டுக் கேளுங்க: மீன் சாப்பிடுவாவா, இறால் நண்டு ஒவ்வாமை இருக்கா, பால் சாமான் ஒத்துக்கொள்ளுமா. இது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்ல. கோதுமை ஒத்துக்கொள்ளாத ஆள் எண்டா தனி அரிசி மாவில பிட்டு அவியுங்க, நம்மள்ல கனபேர் அவிச்ச கோதுமை மாவும் கலக்கிறது வழக்கம், அதை அண்டைக்கு விட்டிடுங்க. மரக்கறி மட்டும் எண்டு சொன்னா மீனுக்குப் பதிலா கத்தரிக்காய் போட்டு அதே குழம்பை வைக்கலாம், ஆனா கடையில வாங்குற சம்பல்ல அநேகமா மாசிக் கருவாடு இருக்கும், அதைக் கவனியுங்க. நம்மட பக்கம் வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) சமைக்காத வீடுகள் நிறைய, அப்ப நாளையும் பார்த்து வையுங்க.

மீன் வாங்கப் போகேக்க ஆளையும் கூட்டிக்கொண்டு போங்க

காலமை போறது நல்லம். கரைவலை இழுக்கிற நேரம் கடற்கரைக்குப் போனீங்க எண்டா அவவுக்கு அதே ஒரு பெரிய காட்சி, பிறகு மீன் எங்கயிருந்து வந்தது எண்டு நீங்க விளக்கத் தேவையில்ல. மீன்ட பூவை (செவுளை) தூக்கிப் பாருங்க, சிவப்பா இருக்கணும், கண் பளிச்செண்டு வெளிய தள்ளி இருக்கணும், விரலால அமத்தினா குழி விழக்கூடாது. வெயில்ல கிடந்த சூரை மீனை விலை குறைவு எண்டு வாங்கவே கூடாது, ஏனெண்டா சூடேறின சூரையில ஹிஸ்டமின் கூடிடும், அது எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில முகம் சிவந்து தலையிடி வந்திடும், விருந்துக்கு வந்த ஆளுக்கு அப்பிடி ஒண்டு நடக்கக் கூடாது.

எந்த மீன் எண்டா பாரை இல்லாட்டி அறக்குளா, அரைக் கிலோ, துண்டு துண்டா வெட்டி வாங்குங்க. முள் எடுத்துப் பழகாதவங்களுக்கு இது சுகம். சூடை, கீரி எல்லாம் குழம்பில போட்டா முள்ளோட மல்லுக்கட்டியே சாப்பாட்டு நேரம் போயிடும். சூடை கட்டாயம் குடுக்கணும் எண்டு ஆசையா இருந்தா மொறுமொறுப்பா பொரிச்சு வையுங்க, முள்ளையும் சேர்த்துக் கடிக்கலாம்.

மீன்குழம்பு (இதை முதல்ல வையுங்க, ஆறி ஊறினாத்தான் ருசி)

மண்சட்டி இருந்தா மண்சட்டி. ரெண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு அரைத் தேக்கரண்டி வெந்தயம் போடுங்க, பொன்னிறத்தில நிக்கட்டும், கறுத்தா குழம்பு கைக்கும். பத்துப் பதினைஞ்சு சின்ன வெங்காயம், நாலு பல்லு உள்ளி, ரெண்டு பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டு வதக்குங்க. பிறகு சின்னத் தேசிக்காய் அளவு புளியைக் கரைச்சு விட்டு, ஒண்டரை மேசைக்கரண்டி வறுத்த கறித்தூள், கொஞ்சம் மஞ்சள், உப்பு, ஒண்டரைக் கப் ரெண்டாம் பால் (தேங்காய்ப்பூவில முதல்தரம் பிழியிற கட்டிப்பால் முதல்பால், திரும்பத் தண்ணி விட்டுப் பிழியிறது ரெண்டாம் பால்). இது கொதிச்சுத் தூள் மணம் போகணும், இந்த இடத்தில அவசரப்படாதீங்க, நல்லாக் கொதிக்காட்டி அந்தத் தூள் மணம் குழம்பிலயே நிண்டிடும்.

கொதிச்ச பிறகு மீன் துண்டுகளைப் போட்டு எட்டுப் பத்து நிமிசம். மீன் விழுந்த பிறகு அகப்பை போடக் கூடாது, சட்டியை ரெண்டு பக்கமும் பிடிச்சுச் சுழட்டி விடுங்க, இல்லாட்டி மீன் உடைஞ்சு குழம்பெல்லாம் தூளாப் போயிடும். கடைசியா அரைக் கப் முதல்பால் விட்டு ஒரு கொதி வந்தவுடன இறக்குங்க.

பிட்டு (இதுதான் சிநேகிதியின்ட வேலை)

அரைக் கிலோ வறுத்த சிவப்பரிசி மா. வறுக்காத மாவில தொடங்காதீங்க, அது பசை பிடிச்சுக் களியாப் போயிடும், புதுசாச் செய்யிறவங்களுக்குக் கை வராது. மாவை அகலமான சட்டியில கொட்டி ஒரு தேக்கரண்டி உப்பு கலந்து, கொதிச்சு இறக்கிக் கொஞ்சம் ஆறின தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சு முதல்ல அகப்பைக் காம்பால கிளறுங்க, சூடு தாங்குற அளவுக்கு வந்தாக் கையால. தண்ணி எவ்வளவு எண்டு நான் கப் கணக்குச் சொல்ல மாட்டன், மாவுக்கு மா மாறும். கையில பொத்திப் பிடிச்சா ஈர மணல் மாதிரி பிடி நிக்கணும், விரலால தட்டினா உதிரணும், அந்த இடத்தில தண்ணியை நிப்பாட்டுங்க.

இனி கொத்துறது. கட்டியா இருக்கிற மாவைச் சுண்டின்ட (அரிசி அளக்கிற பேணி) விளிம்பால கொத்திக் கொத்திச் சின்னச் சின்ன உருண்டையா ஆக்கணும், சுண்டு இல்லாட்டி வாய் மெல்லிசான சில்வர் டம்ளர் காணும். நீங்க ஒரு நிமிசம் செஞ்சு காட்டிட்டுச் சட்டியை அவவிட்டக் குடுத்திடுங்க. பாஷை விளங்காட்டியும் கை விளங்கிக்கொள்ளும். அவ கொத்துற நேரம் பக்கத்தில நிண்டு "அப்பிடி இல்ல, இப்பிடி" எண்டு பத்துப் பேர் சொல்லுற பழக்கம் நம்மட குசினியில இருக்கு, அதை மட்டும் தயவுசெஞ்சு வேணாம், பெரிய உருண்டை வந்தா வரட்டும், அதுவும் அவியும்.

அரை மூடித் தேங்காய்ப்பூவைக் கலந்து, நீத்துப்பெட்டியில (பிட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி) அமத்தாம நிரப்பி, ஆவி நல்லா வந்த பிறகு வச்சு மூடுங்க. பத்துப் பதினைஞ்சு நிமிசம். அமத்தி நிரப்பினா ஆவி ஏறாது, நடு மா பச்சையா நிக்கும். ஓலைப்பெட்டியில அவியிற பிட்டுக்கு ஒரு மணம் இருக்கு, அலுமினியக் குழல்ல அது வராது, பெட்டி இருந்தாப் பெட்டியையே எடுங்க.

சொதி

இது பத்து நிமிச வேலை. வெங்காயம், கீறின பச்சைமிளகாய் ரெண்டு, கறிவேப்பிலை, கொஞ்ச வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள், உப்பு, ரெண்டு கப் ரெண்டாம் பால் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு வெங்காயம் அவியும் வரை கொதிக்க விடுங்க. அடுப்பைக் குறைச்சு ஒரு கப் முதல்பால் விட்டு, கை எடுக்காமக் கலக்கி, நுரை கட்டி வரேக்கயே இறக்குங்க, பொங்கிக் கொதிச்சாத் திரைஞ்சிடும். தேசிப்புளி இறக்கின பிறகுதான்.

சம்பலுக்கு அளவே வேணாம், தேங்காய்ப்பூ, செத்தல்மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு இடிச்சுத் தேசிப்புளி விட்டாச் சரி.

பரிமாறுற ஒழுங்கு

எல்லாத்தையும் ஒரேயடியாத் தட்டில கொட்டாதீங்க, முதல்தரம் சாப்பிடுற ஆளுக்கு ஒழுங்குதான் முக்கியம். முதல்ல பிட்டும் சொதியும் மட்டும், நாலு வாய் சாப்பிடட்டும். பிறகு குழம்பில ஒரு கரண்டி, ஒரு மீன் துண்டு. சம்பலை ஓரத்தில ஒரு சிட்டிகை வையுங்க, விருப்பம் எண்டா அவவே எடுப்பா. கையால சாப்பிடச் சொல்லிக் குடுங்க, ஆனாக் கரண்டியும் பக்கத்தில இருக்கட்டும், கட்டாயப்படுத்த வேணாம். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" எண்டு கேக்காமப் போடுறதும் வேணாம், நமக்கு அது அன்பு, அவங்கட ஊர்ல தட்டில மிச்சம் வைக்கிறது மரியாதை இல்ல எண்டு நினைச்சுக் கஷ்டப்பட்டு விழுங்குவாங்க.

உறைச்சிட்டுது எண்டா எல்லாரும் தண்ணிப் போத்தலைத்தான் நீட்டுவாங்க, அது உதவாது. மிளகாயில இருக்கிற கப்சைசின் தண்ணியில கரையாது, கொழுப்பில கரையும், பால்லயும் தயிர்லயும் இருக்கிற கேசின் எண்ட புரதமும் அதை நாக்கில இருந்து பிடிச்சு எடுக்கும். அதால ரெண்டு கரண்டி தயிர் குடுங்க, பால் சாமான் ஏலாத ஆள் எண்டா ஒரு கரண்டி சொதி. குடிக்கிறதுக்குக் கொதிக்க வச்சு ஆறின தண்ணி இல்லாட்டிப் போத்தல் தண்ணி.

முடிவுக்கு மூதூர்ப் பக்கமிருந்து வாற சட்டித் தயிர். கடைசிப் பிடி பிட்டை எடுத்து, கட்டித் தயிர், கதலி வாழைப்பழம், கொஞ்சம் சீனி போட்டுப் பிசைஞ்சு குடுங்க. உறைப்புக்குப் பயந்து வந்த ஆளும் இதுக்கு ரெண்டாந்தரம் தட்டை நீட்டும், அதில எனக்குச் சந்தேகமே இல்ல.

ஊருக்குப் போகேக்க

வறுத்த மா ஒரு கிலோ, கறித்தூள் கால் கிலோ, ரெண்டையும் காத்துப் போகாத பையில கட்டி மேல பேரும் திகதியும் எழுதிக் குடுங்க. ஐரோப்பாவுக்குப் போற ஆள் எண்டாப் பச்சைக் கறிவேப்பிலை குடுக்காதீங்க, சான்றிதழ் இல்லாத பச்சை இலையை அங்க உள்ள விடமாட்டாங்க, தயிரும் அப்பிடித்தான். தேங்காய்ப்பால் அங்க டின்ல கிடைக்கும்: அப்பிடியே விட்டா முதல்பால், அதே அளவு தண்ணி கலந்தா ரெண்டாம் பால். நீத்துப்பெட்டியைக் கொண்டுபோக இடமில்லாட்டி, இட்லிச் சட்டியோ காய்கறி அவிக்கிற ஸ்டீமரோ எதுவெண்டாலும் ஈரத் துணி விரிச்சு அதுக்கு மேல மாவைப் பரப்பி அவிக்கலாம். முதல்தரம் செய்யிற அண்டைக்கு வீடியோ கோல் எடுக்கச் சொல்லுங்க, தண்ணி காணுமா எண்டு பிடியைப் பார்த்துச் சொல்ல வேண்டி வரும்.