பைதான் வலைச்செயலியை நம் கணினியில் நிறுவிச் சோதித்தல்

மூதூரிலோ நிலாவெளியிலோ உள்ள ஒரு வாசிகசாலையின் இரவல் பதிவேட்டைக் கணினிக்கு மாற்ற விரும்பினால், பைதானில் வலைச்செயலிகளை எழுத உதவும் சட்டகமான ஜாங்கோவில் எழுதப்பட்ட திறமூலச் செயலி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னர் நம் கணினியிலேயே ஓட்டிச் சோதித்துக்கொள்வது நல்லது. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட் மூலம் நிரலைப் பிரதி எடுத்ததும், எந்தப் பைதான் பதிப்பு வேண்டும் என்பதை அதன் அறிமுகக் கோப்பில் பாருங்கள், ஜாங்கோ 5.2 என்றால், பைதான் 3.10 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு தேவை.

அடுத்து, செயலியின் கோப்புறைக்குள் மெய்நிகர் சூழல் ஒன்றை, அதாவது இந்தச் செயலிக்கு மட்டுமான பொதிகளின் தனியிடத்தை, உருவாக்கி இயக்குங்கள். அதற்கான வென்வ் கூறு பைதான் 3.3 முதல் உடன்வருகிறது. உபுண்டுவில் அதைத் தனிப்பொதியாக நிறுவ வேண்டியிருக்கும். இந்தப் படியைத் தவிர்த்தால், வேறொரு செயலிக்காக நிறுவிய ஜாங்கோ பதிப்பு இதனுடன் மோதி, காரணம் பிடிபடாத பிழைகளைத் தரும். பின்னர் தேவைப் பட்டியலில் உள்ள பொதிகளைப் பைதானின் பொதி நிறுவியான பிப் கொண்டு நிறுவுங்கள். பல கணினிகளுக்கு ஒரே இணைய இணைப்பு உள்ள வகுப்பறையில், பிப்பின் டவுன்லோட் கட்டளையால் பொதிகளை ஒருமுறை இறக்கி, பென் டிரைவில் கொண்டுசென்று, அதே இயங்குதளமும் பைதான் பதிப்பும் உள்ள மற்றக் கணினிகளில் நிறுவலாம்.

மாதிரி அமைப்புக் கோப்பைப் பிரதி செய்து, இரகசியத் திறவுகோலை நிரப்பி, மைக்ரேட் கட்டளையால் தரவுத்தள அட்டவணைகளை உருவாக்கியதும், ரன்சேர்வர் கட்டளையை இட்டு உலாவியில் 8000 ஆம் துறையை (port) திறந்து பார்க்கவே மனம் அவசரப்படும். அதற்கு முன் டெஸ்ட் கட்டளையை ஓட்டுங்கள். நிரலில் ஒரு வரியையும் மாற்றாத நிலையிலேயே தவறும் சோதனை எது என்று தெரிந்திருந்தால்தான், பிறகு தோன்றும் பிழை உங்கள் மாற்றத்தால் வந்ததா என்று சொல்ல முடியும். சோதனைகள் தனித் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, முடிந்ததும் அழித்துவிடுவதால் உங்கள் பதிவுகளுக்குப் பாதிப்பில்லை.

உடன்வரும் சோதனைகள் நம் மொழியையும் நம் நேரத்தையும் பெரும்பாலும் தொடுவதில்லை. அவற்றுக்கான சோதனைகளை நாமே எழுத வேண்டும். 'திருகோணமலை' என்ற சொல் நமக்கு 6 எழுத்து, பைதானுக்கு 10 யூனிகோட் குறியீடு. ஓகாரக் குறி, கொம்பும் காலுமாகப் பிரிந்து சேமிக்கப்பட்டிருந்தால் 11. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், தேடலில் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. ஆகவே பிரிந்த வடிவில் சேமித்து, சேர்ந்த வடிவில் தேடும் சோதனை ஒன்றை எழுதுங்கள். அது தவறினால், சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோட்டேட்டா கூறின் நார்மலைஸ் கொண்டு என்எஃப்சி எனப்படும் சேர்ந்த வடிவுக்கு மாற்றுங்கள்.

நேர வலயத்தைக் கொழும்பு என்றே அமையுங்கள். இன்று நேரம் ஒன்றுதானே என்று கொல்கத்தாவை இட்டுவிடக் கூடாது. இலங்கை 1996 இல் கடிகாரத்தை முன்தள்ளி, 2006 ஏப்ரலில்தான் கிறீன்விச்சுக்கு 5.30 மணி முந்திய நேரத்துக்குத் திரும்பியது. இதனால், கொழும்பு வலயத்தில் நள்ளிரவு 12 மணியாகச் சேமித்த 2001 ஆம் ஆண்டுத் தவணைத் திகதி ஒன்று, கொல்கத்தா வலயத்தில் முந்திய நாள் இரவு 11.30 ஆகிவிடும். பதிவேட்டின் பழைய பக்கம் ஒன்றையே சோதனைத் தரவாகக் கொடுத்து, திகதிகள் மாறாமல் திரும்பி வருகின்றனவா என்று பாருங்கள்.