பூட்டன் கல்லறையைத் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களை விட்டு வெளியூர் போய்ப் பிழைத்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பல, இரண்டு மூன்று தலைமுறை கழித்துப் பூட்டன் கல்லறையைத் தேடி ஊருக்கு வருகின்றன. வந்த வேகத்தில் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு, எந்தச் சபை என்ற மூன்றும் தெரியாமல் உள்ளே போனால் ஒருநாள் முழுக்க அலைய வேண்டியதுதான். வீட்டில் இருக்கும் பழைய வேதாகமத்தின் முதல் தாளைப் புரட்டுங்கள். பிறப்பு, இறப்பு, கல்யாணத் தேதிகளை அதில் எழுதி வைப்பது பல வீடுகளில் வழக்கம். வயதான அத்தை, பெரியம்மா யாராவது இருந்தால் அவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். சபைப் பதிவேட்டை அடுத்த மாதம்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.

கல்லைக் கண்டுபிடித்ததும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஆசிட் ஊற்றுவது, கம்பி பிரஷால் தேய்ப்பது, மங்கிய எழுத்தின் மேல் குத்துமதிப்பாகப் பெயின்ட் அடிப்பது, இவற்றைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய கல்லறைகளில் பலவும் சுண்ணாம்புக் காரை பூசியவை, சிலவற்றில் பளிங்குப் பலகை இருக்கும். இரண்டையும் ஆசிட் அரித்துவிடும். நூறு வருஷ மழை விட்டு வைத்த எழுத்து பத்து நிமிஷத்தில் போய்விடும். தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். காலை வெயிலோ மாலை வெயிலோ பக்கவாட்டில் விழும்போது படம் எடுங்கள், அல்லது டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்ததும் எழுத்து தானாக எழும்பும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளை ஒட்டிப் பல ஊர்களில் புதர் வெட்டுவார்கள். அதற்குப் பிறகு, சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்னால் போய்விட்டால் மிகவும் நல்லது.

அதிகம் பேர் சறுக்குவது தேதியில்தான். பழைய கல்லில் தமிழ் எண்களில் ௧௮௭௭ என்று இருந்தால் நம் கண்ணுக்கு அது ‘க அ எ எ’ என்ற இனிஷியலாகத் தெரியும். அது 1877. அதையே ௲௮௱௭௰௭ என்று ஆயிரம், நூறு, பத்துக் குறிகளோடும் எழுதியிருப்பார்கள். அப்புறம் ‘தாது வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அவசரப்படக் கூடாது. அறுபது வருஷச் சுற்றில் தாது 1876-77இலும் வரும், 1936-37இலும் வரும். முன்னது பெரும் பஞ்ச காலம், பின்னது தாத்தா தலைமுறை. எந்தத் தாது என்பதை எழுத்தின் அமைப்பு, கல்லின் வகை, பக்கத்துக் கல்லறைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குமரியிலும் நெல்லைப் பக்கமும் கொல்லம் ஆண்டும், அதாவது மலையாள வருஷக் கணக்கும், புழக்கத்தில் இருந்தது. தேய்ந்த கல்லில் 1052 என்பதை 1952 என்று வாசித்துவிட்டால் எழுபத்தைந்து வருஷம் தவறிப் போகும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ‘கொல்லம் 1052, தாது வருஷம், தை 5’ என்று ஒரு கல் சொன்னால் அது 1877 ஜனவரி நடுப்பகுதி. இரண்டு கணக்கும் ஒன்றையொன்று சரிபார்த்துவிடுகின்றன. இப்படிப்பட்ட கல் கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். நோட்டில் கல்லில் உள்ளதை உள்ளபடியே எழுதிவிட்டு, உங்கள் கணக்கைத் தனியாகப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

உங்கள் ஆளின் கல்லை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதும் தவறுதான். சுற்றியுள்ள கல்லறைகளில் பெரும்பாலும் சொந்தக்காரர்களே இருப்பார்கள். ஒரே குழியில் பின்னால் இன்னொருவரை அடக்கம் செய்து பழைய கல்லைச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கவும் கூடும். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான கோயில்பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

பதிவேடு தேடும்போது இன்றைய பெயர்ப் பலகையை நம்பிப் போக வேண்டாம். தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானது 1947இல். அதற்கு முன் நெல்லையில் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என இரண்டு ஆங்கிலிக்கன் மிஷன்கள் இருந்தன. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன். குமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூரிலும், அதன் பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது என்பதால், அந்த ஊர் ஆளை மதராஸ் மாகாண ஆவணத்தில் தேடுவது வீண். கத்தோலிக்கப் பதிவேடாக இருந்தால் லத்தீனில் இருக்கலாம். வீட்டில் ‘செல்லையா’ என்று கூப்பிட்டவர் ஞானஸ்நானப் பதிவில் வேறு பெயரில் இருப்பார். அதனால் தகப்பன் பெயரையும் ஊரையும் சேர்த்தே தேடுங்கள்.

இறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்றால் சொத்துப் பத்திரங்களைப் பாருங்கள். இதைப் பலரும் யோசிப்பதில்லை. 1931 பத்திரம் ஒன்றில் மகன் தன்னைக் ‘காலஞ்சென்ற’ இன்னாரின் குமாரன் என்று சொல்லியிருந்தால், அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அதற்கு முந்தைய ஏதாவது பத்திரத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தால், நடுவில் உள்ள சில வருஷத்து அடக்கப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் போதும்.

கல்லே இல்லாத கல்லறைகள்தான் அதிகம். ஏழை வீட்டில் மண்மேடும் மரச்சிலுவையும் வைத்திருப்பார்கள், அவை மழையில் போயிருக்கும். அப்படிப்பட்டவருக்கும் அடக்கப் பதிவேட்டில் ஒரு வரி இருக்க வாய்ப்புண்டு. கல் இல்லை என்பதற்காக அந்தப் பெயரைப் பட்டியலில் இருந்து அடித்துவிடாதீர்கள்.